நடுப்பொழியில் ஒரு பிணம்

7

“ஜென்ம விரோதியே வந்து சாட்சி சொல்லுதான், மேடம். அதைப் பொய்யின்னு சொன்னா எவன் நம்புவான்?”

ஸ்கூட்டரை உடைமர நிழலில் நிறுத்திக்கொண்டே கேட்டேன். மேடம் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, எதிரே விளைந்து நின்ற மக்காச்சோளத்தைப் பார்த்தார்.

“பொய்யின்னு நான் சொன்னேனா?” என்றார் கடைசியில். “சாட்சியை விட்டுட்டுக் காட்டைப் பாருன்னுதான் சொன்னேன்.”

மேடம் என்றால் யோகலட்சுமி. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் நடத்தியவர். பிள்ளைகள் சேராமல் கல்லூரியை மூடி, இப்போது அதைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். அங்கே படித்த எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வேறு விஷயம். நான் இசக்கிபாண்டி. மேடத்திடம் படித்து, மேடத்தின் பாடத்திலேயே அரியர் வைத்து, கடைசியில் மேடம் ஆரம்பித்த துப்பறியும் அலுவலகத்தில் ஒரே ஊழியனாகச் சேர்ந்தவன். ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வதுதான் முக்கால்வாசி வேலை. குடிப்பார் என்று எழுதிக் கொடுத்தாலும் கல்யாணம் நடக்கும். நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

ஆனால் இந்த வழக்கு அப்படி இல்லை. இடைசெவலுக்குத் தெற்கே உள்ள இந்தப் புஞ்சையில், மார்கழி மாதம் ஒரு பொழுது சாயும் நேரத்தில், பூவனலிங்கம் என்ற ஆடு மேய்க்கும் மனிதர் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். பிணம் இரண்டு புஞ்சைகளுக்கு நடுவே இருக்கும் வரப்பில் கிடந்தது. வரப்பை இங்கே பொழி என்பார்கள். பக்கத்தில் ஒரு கட்டிங் பிளேயர், கொஞ்சம் தாமிர ஒயர். போலீஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மோட்டார் ஒயர் திருட வந்தவன் கரண்டு அடித்துச் செத்தான் என்று எழுதினார்கள். பிளேயர் அவர் மகன் யோகராஜுடையது. அவன் ஒயர்மேன். அப்பனும் மகனும் கூட்டு என்று அவனையும் தூக்கி உள்ளே போட்டார்கள்.

பூவனலிங்கத்தின் மனைவி வள்ளித்தாய் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது அழவில்லை. “அவிய ஒரு முள்ளு வேலியக்கூட கேக்காம தாண்டுனது கெடையாது. எம்மவன் திருடன் இல்ல, அவிய திருடன் இல்ல. இத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்,” என்றாள். திருடன் என்று சொன்னதற்காகக் கடைத்தெருவில் நாலு பேரோடு அவள் சண்டை போட்டிருந்தாள், ஒருத்தியின் மண்டையையும் உடைத்திருந்தாள். அந்தச் சண்டைதான் அவளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இன்று மத்தியானம் யோகராஜைக் காவல் நீட்டிப்புக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் ஏதாவது கொண்டுவந்தால் வாயைத் திறப்பேன், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வருவேன் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வக்கீலுக்கு எது சௌகரியம் என்று எனக்குத் தெரியும்.

“வேலிதான் மேடம், சந்தேகமே இல்ல,” என்றேன். “காட்டுப்பன்னிக்குக் கரண்டு வேலி போட்டிருக்கானுக. இவரு மாட்டிக்கிட்டாரு.”

“யாரு போட்டது?”

அங்கேதான் வண்டி நிற்கும். கிழக்குப் புஞ்சை ராமசுப்புவுடையது. மேற்குப் புஞ்சை சண்முகராஜுடையது. இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். மாமனார் பிரித்துக் கொடுத்த நிலத்தில் நடுப்பொழி யாருக்கு என்று தகராறு. அது கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வரும்வரை இருவருமே அதில் கால் வைக்கக்கூடாது என்று தடை வாங்கி, மாமனாரும் போய்ச் சேர்ந்து, வழக்கு மட்டும் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போவதில்லை. ராமசுப்பு வேலி போட்டாரா என்று போலீஸ் சண்முகராஜைக் கேட்டது. “அவன் போட்டிருந்தா மொத ஆளா நான்லா வந்து சொல்லியிருப்பேன்!” என்றார் அவர். சண்முகராஜ் போட்டாரா என்று ராமசுப்புவைக் கேட்டது. அதே வாக்கியம், அதே ஆச்சரியக்குறி. இதைவிட நல்ல சாட்சி எந்த ஊரில் கிடைக்கும்?

மேடம் பொழியின் வடகோடியில் நின்றார். பிணம் கிடந்த இடம் அதுதான். முழங்கால் உயரத்துக்கு அருகும் கோரையும் மண்டிக் கிடந்தன.

“இசக்கி, தரையை ஒட்டி ஒரு கம்பி கட்டி அதுல கரண்டு விட்டா, அந்தக் கம்பிக்கு மொத எதிரி யாரு?”

“பன்னி.”

“புல்லு. ஈரப்புல்லு கம்பியைத் தொட்டா அத்தனை கரண்டும் மண்ணுக்குள்ள போயிரும். பன்னிக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால வேலி போடுதவன் மொதல்ல என்ன செய்வான்?”

“களைக்கொல்லி அடிப்பான்,” என்றேன்.

“இந்தப் பொழியில அடிச்சிருக்கானா?”

பச்சைப்பசேலென்று இருந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். மேடம் கிழக்கே திரும்பி நடக்க ஆரம்பித்தார். மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி, என் ஒவ்வொரு காலும் ஒரு படி எடை கூடிவிட்டது. ராமசுப்பு புஞ்சையின் வடக்கு ஓரத்தில் இரண்டு சாண் அகலத்துக்குப் புல் கருகி மஞ்சளாகக் கிடந்தது. கிழக்கு ஓரத்திலும் அப்படியே. தெற்கே திரும்பினோம். தெற்கு ஓரத்தை ஒட்டி ஓடை, அதற்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் தரை. அங்கேயும் மஞ்சள் கோடு.

“ஆக, ராமசுப்பு!” என்றேன். “கட்டுங்க விலங்கை!”

“நட.”

மஞ்சள் கோடு பொழியின் தெற்கு முனைக்கு வந்தது. அங்கே நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொழியோடு வடக்கே திரும்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பொழியின் முனையைத் தாண்டி நேரே சண்முகராஜ் புஞ்சைக்குள் போனது. தெற்கு ஓரம், மேற்கு ஓரம், பிறகு வடக்கு ஓரம். நாங்கள் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

நான் வாயைப் பிளந்தேன்.

“சர்க்யூட்டுப் படத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஜன்னல்,” என்றார் மேடம். “நடுவுல ஒரே சட்டம். அந்தச் சட்டத்துல கரண்டைத் தள்ளுத ஒரு சோர்ஸ் உக்காந்திருக்கு. அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்டேஜுன்னு உன்னால சொல்ல முடியாது. அப்ப என்ன செய்வே?”

“பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டு வெளிய வருவேன்.”

“அதான் தெரியுமே. நடுச்சட்டத்தை விட்டுட்டு, ரெண்டு ஜன்னலையும் ஒண்ணா நெனச்சு வெளிச்சட்டம் வழியா ஒரு சுத்து வரணும். அதுதான் சூப்பர்மெஷ். பாடத்துல நான் படம் போட்டேன். இவனுக காட்டுலயே போட்டு வச்சிருக்கானுக.”

“ரெண்டு பேருக்கும் ஆகாதே மேடம்! ஆகாதவன் ஆகாதவன் கூடச் சேந்து ஒரே வேலியா போடுவான்?”

“ஆகுமா ஆகாதாங்கறது நடுச்சட்டத்துச் சமாச்சாரம். அதுக்குள்ள நாம போகவே வேண்டாம். எதிரியா இருந்தா ஆளுக்கொரு வேலி போட்டிருப்பான், நடுப்பொழியிலும் கம்பி வந்திருக்கும். பொழியைத் தொட்டா கோர்ட்டு தடை. தொடாம சுத்தியிருக்கானுக. தடையை மட்டும் ரெண்டு பேரும் மனசாரக் கடைப்பிடிச்சிருக்கானுக.”

“அப்ப பிணம்?”

“எவன் நிலத்துல கெடந்தாலும் அவன்தான பதில் சொல்லணும்? யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். தூக்கிட்டு வந்து அங்க போட்டுட்டானுக.”

செத்த மனிதரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைத் தகராறைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

பொழி வழியாக மறுபடி தெற்கு ஓரத்துக்குப் போய் மேடம் மேலே கை காட்டினார். ஓடையை ஒட்டிப் போன மின்கம்பியில் வளைத்த கொக்கி ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஒயரும் அதோடு இருந்தது. கரண்டு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

“கம்பியை எடுத்துட்டான், குச்சியை எடுத்துட்டான். இந்தக் கொக்கியை ஏன் மேடம் விட்டு வச்சான்?”

“நீ இன்னைக்குக் கேட்டதுலயே இதுதான் உருப்படியான கேள்வி,” என்றவர் நடையைக் கட்டினார்.

வெள்ளை வேட்டி ஒன்று ஓட்டமும் நடையுமாக வந்தது. ராமசுப்பு.

“யாரும்மா நீங்க? சோலார் கம்பெனியா? நிலம் குடுக்கதா இல்லன்னு சொல்லியாச்சே!”

“பூவனலிங்கம் விஷயமா வந்தோம், அண்ணாச்சி.”

“தேவுடா! அந்தத் திருட்டுப்பயலுக்கு விசாரணை வேறயா?”

“சுத்துவட்டாரத்துல எல்லாக் காட்டையும் பன்னி உழப்பிப் போட்டிருக்கு. உங்க காட்டுல ஒரு கருதுகூடச் சாயலையே?”

“வெடி போடுதோம்லா.”

“சண்முகராஜ் காட்டுலயும் சாயல.”

“அவன் காட்டுல என்ன நடந்தா எனக்கென்ன? அந்தப் பக்கம் நான் திரும்பியும் பாக்கது கெடையாது.”

“திரும்பியே பாக்காதவரு, அவர் வேலி போடலன்னு மட்டும் எப்படி அண்ணாச்சி போலீஸ்ல சொன்னீங்க?”

ராமசுப்பு வேட்டியை மடித்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துவிட்டார். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

கோவில்பட்டிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கொண்டாட்டம். வள்ளித்தாய் முகத்தில் எப்போது சிரிப்பைப் பார்ப்போம் என்று இருந்தது. மேடம்தான் பின்னால் ஃபோனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சங்கிலிப்பாண்டியின் ஹார்டுவேர் கடையில், கல்லாவில் இருந்த கடம்பூர் போளிப் பொட்டலத்தை அவர் எங்கள் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

“போலீஸு வந்து கேட்டுட்டுப் போயாச்சும்மா,” என்றார் அவர். “ராமசுப்பு ஜி.ஐ. இரும்புக்கம்பி வாங்குனாரு. நெசம்தான். ஆனா கரண்டு குச்சியில இறங்காம மாட்டுத பைப்பு வாங்கல, ஒண்ணும் வாங்கல. வெறும் கம்பிய வச்சு வேலி எப்படிப் போட முடியும்? பந்தலுக்குன்னு சொன்னாரு. போலீஸும் சரின்னுட்டு, அவரு பேரை அடிச்சுட்டாவ.”

“சண்முகராஜ்?”

“அவரு பிளாஸ்டிக் பைப்பு வாங்குனாரு. சாண் சாணா அறுத்துக் கேட்டாரு. கம்பி ஒரு முழம் வாங்கல. கம்பி இல்லாம வேலி ஏது? அவரையும் அடிச்சுட்டாவ.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “ரெண்டு நோட், அதாவது ஒயர் வந்து சேருத ரெண்டு புள்ளி. நடுவுல ஒரு வோல்ட்டேஜ் சோர்ஸ். அது வழியா எவ்வளவு கரண்டு போகுது?”

“தெரியாது,” என்றேன். வாய் நிறைய போளி.

“தெரிய வேண்டாம். ரெண்டையும் சேத்து வட்டம் போடு. அது சூப்பர்நோட். வட்டத்துக்குள்ள போனது என்ன?”

“கம்பியும் பைப்பும்.”

“குச்சியில பைப்பை மாட்டி, பைப்பு மேல கம்பியைக் கட்டுனா?”

“வேலி,” என்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. போலீஸ் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக மன்னித்துவிட்டது. சேர்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு மேடம் கிடைக்கவில்லை.

“வட்டம் போட்டா ஒரு சமன்பாடு குறைஞ்சு போகும். அதை ஈடுகட்ட இன்னொண்ணு எழுதணும். நீ பரிட்சையில அதை விட்டுட்டுத்தான் போன. என்னது அது?”

“ரெண்டு நோடையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போடுத சமன்பாடு.”

“ம். அண்ணாச்சி, ரெண்டு பேரும் பேசிக்கிடவே மாட்டாங்க. யாரோ ஒருத்தர் நடுவுல போய்வந்திருக்கணும். சாமானை யாரு வந்து எடுத்தா?”

சங்கிலிப்பாண்டி சாதாரணமாகச் சொன்னார். “அவிய எங்க தூக்கப் போறாவ? ரெண்டு பேரு சாமானையும் ஒரே லோடு ஆட்டோல ஏத்திட்டுப் போனது நம்ம யோகராஜுதான். ரெண்டு வீட்டுக்கும் ஒயரிங் வேலை அவன்தான பாக்கான். பாவம், உள்ள கெடக்கான்.”

கையில் மிச்சமிருந்த போளியைக் கல்லாவிலேயே வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் மேடம் ஃபோனை நீட்டினார். வக்கீல் அனுப்பிய பிளேயரின் புகைப்படம். பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டும் வாயில் இரண்டு பள்ளம்.

“தாமிரத்தை வெட்டினா இப்படிப் பள்ளம் விழாது, அது மெத்து. இது இரும்புக்கம்பியை வெட்டின தழும்பு. எந்த ஒயர்மேனும் தன் பிளேயரால இரும்பை வெட்ட மாட்டான், அடுத்தவன் வெட்டினாலே அடிக்கப் போவான். இவன் வெட்டியிருக்கான். ஏன்?”

எனக்குப் புரிந்துவிட்டது. பிளேயர் போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்குப் பெரிதாக ஏதோ ஒன்று அந்தக் கம்பியில் மாட்டியிருந்திருக்கிறது.

“கொக்கியும் அதனாலதான்,” என்றார் மேடம். “போட்டவன் ஜெயில்ல இருக்கான். அதைத் தொட மத்த ரெண்டு பேருக்கும் பயம்.”

காலையில் கொக்கியைப் பார்த்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. “நம்ம கட்சிக்காரியோட மகனையே நாமளே மாட்டிவிடப் போறோமா? இதுக்கா அந்தம்மா நம்மகிட்ட வந்தா?” என்று கத்திவிட்டேன். மேடம் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் வள்ளித்தாய் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். மேடம் “இந்தா வாரேன்” என்று கை காட்டிவிட்டு நேரே வராந்தாவுக்குப் போனார். வக்கீல் காவலரிடம் சொல்லி, யோகராஜிடம் பேசக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுத்தார். ஒல்லிப் பையன். மணிக்கட்டில் பழைய தீக்காயம். மேடம் ஃபோனில் இருந்த பிளேயர் படத்தை அவன் முன்னால் காட்டினார்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “வெட்டுனேன் மேடம்,” என்றான். “வெட்டியும் பிரயோசனம் இல்ல.”

“ரெண்டு பேரும் சேந்து உன்னைப் போடச் சொன்னாங்களா?”

“ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டாவ. போன வருசம் பன்னி ரெண்டு பேரையும் அழிச்சிட்டுல்லா இருந்துச்சு. ஒரே வேலியா போட்டுரலாமான்னு நான்தான் ரெண்டு பக்கமும் போய்க் கேட்டேன். பொழுது அடைஞ்சதும் நான் வந்து கொக்கி போடணும், விடியறதுக்குள்ள எடுத்துரணும். அதான் பேச்சு. அன்னைக்குக் கொக்கி போட்டுட்டு ரோட்டுக்கு வந்துட்டேன். ஆட்டுக்குட்டி கத்துத சத்தம் கேட்டுது. திரும்பி ஓடுனேன்.”

அவன் மணிக்கட்டுத் தீக்காயத்தைத் தேய்த்துக்கொண்டான்.

“பொறவு ரெண்டு பேரும் வந்தாவ. அத்தனை வருசம் கழிச்சு அப்பத்தான் ஒருத்தரோட ஒருத்தர் பேசுனாவ. வேலின்னு சொன்னா கொக்கி போட்ட நீதாம்ல மொதல்ல உள்ள போவேன்னாவ. ஒயர் துண்டை அவியதான் போட்டாவ. பிளேயரை நான் இருட்டுல கீழ விட்டுட்டேன்.”

“பயந்துட்டியா?” என்றேன் நான்.

“ஜெயிலுக்கா?” அவன் என்னை முதல் தடவையாகப் பார்த்தான். “காலையில அம்மைகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பொழுது சாஞ்சா அய்யாவத் தெக்க அனுப்பாதேன்னு. அவ அடுப்படியில இருந்தா. சரின்னா. எதுக்குன்னு கேக்கல, நானும் சொல்லல. சாயந்தரம் குட்டி காணலன்னதும், ஓடைக்கரையில பாத்துட்டு வாங்கன்னு அவளேதான் அய்யாவத் தெக்க அனுப்பியிருக்கா. மறந்துட்டா மேடம். நான் சொன்னது அவளுக்கு இப்பவும் ஞாபகத்துல இல்ல. அய்யா வடக்க, ஊருக்கு வார பாதையில, நடுப்பொழியில விழுந்தாருன்னுதான் நெனச்சிட்டிருக்கா. தூக்கிட்டுப் போலாம்னு அவிய சொன்னப்ப அய்யா தெக்க செத்தது அவளுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நானும் ஒரு பக்கம் பிடிச்சேன்.”

காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் திருடனாவே இருந்துக்கிடுதேன். கால்ல விழுந்து கேக்கேன், வெளிய சொல்லாதீங்க.”

மேடத்தின் குரல் தணிந்திருந்தது. “உனக்கு மட்டும்னா சரின்னு சொல்லியிருப்பேன், யோகராஜ். உங்க அய்யாவும்லா திருடனா போய்ச் சேந்திருக்காரு. அந்த ரெண்டு பேரும் பொங்கலுக்கு வெள்ளையடிச்சு உக்காந்திருக்கானுக. வேலியைச் சொல்லாம அவனுகளைத் தொட முடியாது. வேலியைச் சொன்னா கோர்ட்டுல எல்லாம் வரும். யாரோ ஒருத்தன் வாயால உங்கம்மா அதைக் கேக்கணுமா?”

அவன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அந்த இரண்டு புஞ்சைகளும் அப்படியே பற்றி எரிந்தால் தேவலை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வேப்பமரத்தடியில் மேடம் வள்ளித்தாய் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நான் நின்றேன்.

“உங்க வீட்டுக்காரர் திருடப் போகல. யோகராஜும் திருடல. ராமசுப்புவும் சண்முகராஜும் சேந்து போட்ட பன்னி வேலியில மாட்டிக்கிட்டாரு.”

“அப்படிச் சொல்லுங்க!” வள்ளித்தாய் கையைத் தட்டினாள். பக்கத்து மரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்து, “கேட்டீங்களா? திருடன் இல்ல! நான் சொன்னேன்லா?” என்றாள். இத்தனை நாளில் அவள் கண்ணில் தண்ணீரை அப்போதுதான் பார்த்தேன்.

“அம்மா, கம்பி கட்டினது யோகராஜ்.”

அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பெரிய வீட்டு ஆளுக சொன்னா செய்யத்தான செய்வான். கூலிக்காரப் பய. அவன் என்ன, பெத்த தகப்பனுக்கா கட்டுனான்? நான் அவனை ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். வக்கீலு வாதாடட்டும்.”

மேடம் பெருமூச்சு விட்டார். தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன். வள்ளித்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மகனுக்குச் சோறு கொடுக்க. இரண்டடி நடந்தவள் நின்றாள்.

“நடுப்பொழியிலயா கம்பி கெடந்துச்சு?”

“இல்லம்மா. வெளியே சுத்தி.”

“அவிய எங்கன மாட்டுனாவ?”

பரிட்சைக் கூடத்தில் நூறு பேர் முறைத்தாலும் கண்ணிமைக்காதவர் எங்கள் மேடம். இப்போது தன் செருப்பில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவது ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்று வரவில்லை.

“தெக்கயா?” என்றாள் வள்ளித்தாய்.

வராந்தாவில் யோகராஜ் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லிட்டுத்தான போனான்,” என்றாள். “எங்கிட்ட சொல்லிட்டுத்தான போனான்.”